ஏறும் வண்டிக்கு வழி

கோகிலவாணி பள்ளத்தில் விழுந்த செய்தி மலைமேல் வாழவந்தி நாட்டு ஊர்கள் முழுக்கப் பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நிஜப் பள்ளமாக இருந்திருந்தால் இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. ஆள் பிழைத்தாளா என்று முதலில் நாலு பேர் ஓடிப்போய்ப் பார்த்திருப்பார்கள். இது ஓரி விழாவுக்காகச் செம்மேட்டில் போட்ட பந்தலுக்குள், கணினித் திரையில் விழுந்த பள்ளம். எல்லோருக்கும் சிரிக்க வசதியாகப் போய்விட்டது.

யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கைப்பேசியில் பிடித்து, ‘எங்க ஊரு லேடி டிரைவர்’ என்று தலைப்பும் போட்டு அனுப்பிவிட்டான். பதினெட்டு நொடிப் படம். மஞ்சள் லாரி ஒன்று வளைவில் திரும்பாமல் நேராகப் போய்க் கீழே உருளும். பின்னாலிருந்து ஒரு கூட்டமே சிரிக்கும். சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் மோனிஷாவுக்கே அது போய்ச் சேர்ந்து, அவள் அழைத்து, “ஏம்மா, அது நீயா?” என்று கேட்டாள். மகளிடம் இல்லையென்று சொல்லவா முடியும்.

கோகிலவாணிக்கு நாற்பத்தொரு வயது. ஊரெல்லாம் குட்டியானை என்று சொல்கிற சின்னச் சரக்கு வண்டியை ஆறு ஆண்டுகளாக ஓட்டுகிறாள். வாரத்தில் நான்கு நாள் மிளகு, மரவள்ளிக் கிழங்கு, பலா, அன்னாசி என்று அந்தந்தப் பருவத்துக்கு விளைவதை ஏற்றிக்கொண்டு சோளக்காட்டிலிருந்து காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்குவாள். இடையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் ஒன்று என்று தொடங்கும் பலகை, மலைமேல் எழுபது என்று முடியும். இந்த ஆறு ஆண்டில் அவள் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வேண்டுமானால் நாலு மூலையையும் தடவிப் பார்த்துக்கொள்ளலாம்; அவளே கூப்பிட்டுக் காட்டுவாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். அந்த மலையில் வாராவாரம் சரக்கோடு இறங்கி ஏறுகிற ஒருத்திக்கு அதுகூட இல்லையென்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வெறும் கேலி மட்டும் என்றால் அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பாள். மலையில் கேலிக்கா பஞ்சம். ஆனால் அந்த நேரத்தில் சோளக்காட்டுச் சந்தைத் திடலில், தார்ப்பாய் போர்த்தியபடி ஒரு புது லாரி நின்றுகொண்டிருந்தது.

மிளகு உழவர் குழு வாங்கிய முதல் லாரி அது. வருடக் கணக்காக மனுப் போட்டு, அலைந்து, கடைசியில் வந்து சேர்ந்தது. அதை ஓட்டப்போவது யார் என்று ஞாயிற்றுக்கிழமை குழுவின் ஒன்பது நிர்வாகிகளும் கூடி முடிவு செய்வதாக இருந்தது. கோகிலவாணி சும்மா காத்திருக்கவில்லை. போன ஆண்டே ஒரு மாதம் கீழே போய்த் தங்கி, பெரிய வண்டி பழகி, கனரக உரிமமும் வாங்கிவிட்டாள். தலைவர் அர்த்தனாரியும் பாதி வாக்குக் கொடுத்தமாதிரிதான் பேசிவந்தார். போட்டிக்கு இருந்தவன் சேந்தமங்கலத்து சதீஷ்குமார் ஒருவன்தான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்து வருடம் லாரி ஓட்டியவன், மரியாதையானவன்.

அந்தச் சமயத்தில்தான் விவேக் சார் தன் விளையாட்டைக் கொண்டுவந்து விழாப் பந்தலில் வைத்தார்.

விவேக் சார் திருச்செங்கோட்டுக்காரர். மலையிலுள்ள பயிற்சி நிலையத்தில் கணினி சொல்லித்தர வந்து இரண்டு வருடமாகிறது. பேருந்தில் ஏறினாலும் வாந்தி, இறங்கினாலும் வாந்தி. எழுபது வளைவுகளையும் அவர் வயிற்றால் அறிந்தவர். அந்தச் சாலையைச் சொந்த ஆர்வத்தில் படமெடுத்து, அளந்து, கணினிக்குள் ஒரு விளையாட்டாகச் செய்திருந்தார். நாற்காலி போட்டு, மேசையில் பிளாஸ்டிக் ஸ்டியரிங் மாட்டி, கீழே மிதிகளும் வைத்திருந்தார். மேலிருந்து இருபது வளைவு இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பக்கத்துத் திரையில் ஒரு நீல லாரி ஓடியது. அதை ஓட்ட ஆளே இல்லை.

“இத யாருங்க சார் ஓட்டறது?” என்று கேட்டாள் கோகிலவாணி.

“யாரும் இல்லீங்க அக்கா. அதுவே ஓட்டிப் பாத்துக் கத்துக்கிச்சு. இருபது பெண்டும் ஆறே நிமிசம்.”

சதீஷ்குமார் அதற்குமுன்பே உட்கார்ந்து பார்த்திருந்தான். ஒன்பது நிமிடத்தில் விழாமல் இறங்கி, மனிதர்களில் முதலாவதாக நின்றான். அடுத்து கோகிலவாணியைப் பிடித்து உட்கார வைத்தார்கள். சுற்றிலும் குழு ஆட்கள். அர்த்தனாரியும் இருந்தார்.

அவள் எப்போதும் ஓட்டுவதுபோலத்தான் ஓட்டினாள். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தாள், ஸ்டியரிங்கிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தி நீளமாக ஹாரன் அடித்தாள், நின்றாள். மனதுக்குள் ஐந்து எண்ணினாள். பிறகு திரும்பினாள். அடுத்த வளைவிலும் அப்படியே. நீல லாரி அதற்குள் கண்ணுக்கே எட்டாமல் போய்விட்டது.

“ஏனுங்கக்கா, டீ சாப்பிடவா நிறுத்துனீங்க?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

மலையில் எத்தனை வண்டி பின்னால் நின்று கத்தினாலும் அவசரப்படாதவள், அந்தச் சிரிப்புக்கு அவசரப்பட்டாள். அறுபத்தோராவது வளைவில் மிதியை அழுத்தினாள். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவளுக்கு எப்போதும் இருக்கைதான் சொல்லும். இந்த நாற்காலி எதுவும் சொல்லவில்லை. மஞ்சள் லாரி நேராகப் போய்விட்டது. விளையாட்டுதான் என்று தெரியும். இருந்தும் லாரி உருண்டு நின்ற பிறகும் அவள் பிரேக்கை மிதித்தபடியே இருந்தாள்.

அதற்குப் பிறகுதான் பேச்சு மாறியது. ‘ஊட்டு வண்டி வேற, லாரி வேற’ என்று ஆரம்பித்தார்கள். ‘சதீஷே ஓட்டட்டும், அந்தம்மா குட்டியானைக்குத்தான் லாயக்கு’ என்று ஒன்பதில் ஐந்து பேர் சொல்வதாகக் காதில் விழுந்தது. அர்த்தனாரி அவளைச் சந்தையில் பார்த்தபோது மிளகு விலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நகர்ந்துவிட்டார். அதுவே பதில்.

வீட்டுக்கு வந்தபோது கணவன் செல்வம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தான். அவனும் படத்தைப் பார்த்திருந்தான்.

“வுடு கோகிலா. வெளாட்டுதானே.”

“நான் உழுந்ததத்தான் எல்லாரும் பாத்தாங்க. ஒவ்வொரு பெண்டுலயும் எதுக்கு நின்னேன்னு ஒருத்தருகூடக் கேக்கலீங்க.”

செல்வம் கரண்டியைக் கீழே வைத்தான். கேட்டிருந்தால் அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குமே தெரியும். ஆறு வருடமாக அதை அவர்கள் வாய்விட்டுப் பேசியதில்லை.

வண்டி முதலில் செல்வத்தினுடையது. அவன் ஓட்ட, அவள் இடது பக்கம் உட்கார்ந்து மூட்டைகளைப் பார்த்துக்கொள்வாள். எட்டு வருடம் அந்த இருக்கையில் உட்கார்ந்து இறங்கியிருக்கிறாள். ஸ்டியரிங்கை ஒருநாள்கூடத் தொட்டதில்லை. ஆனால் கண்ணும் காலும் சும்மா இருக்குமா. அவன் மிதிக்கும்போது அவள் காலும் தரையை மிதிக்கும். எந்த வளைவில் இரண்டாம் கியர், எந்த வளைவில் மழை பெய்தால் மண் சரிந்து கிடக்கும், எந்தப் பாறையில் ஹாரன் திரும்பி எதிரொலிக்கும், எல்லாம் அவளுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தன.

அவளாகக் கண்டுபிடித்த ஒன்றும் உண்டு. வளைவோர மதில்சுவர்மேல் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் பழம் கொடுத்துக் கொடுத்து அவற்றுக்கு வண்டி என்றால் வாழைப்பழம்தான். வளைவில் இருக்கும் குரங்கு நம்மைப் பார்த்தால் சாலையில் நாம் மட்டும்தான். நமக்கு முதுகைக் காட்டிக் கீழே பார்த்தால், கீழிருந்து வேறு வண்டி ஏறி வருகிறது. மலையில் ஏறும் வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். “கொரங்கு கீழ பாக்குதுங்க, இருங்க,” என்பாள். “கொரங்கா எனக்கு வாத்தியாரு?” என்று செல்வம் சிரிப்பான். சிரித்தாலும் நின்றுவிடுவான்.

ஒருநாள் நிற்கவில்லை. தை மாதம், வண்டி நிறையக் கிழங்கு. ஆலையில் எடை போடுகிற நேரம் முடிந்துவிடும் என்று பறந்துகொண்டிருந்தான். முப்பத்தெட்டாவது வளைவில் அவள் அதையேதான் சொன்னாள். அவன் சிரிக்கக்கூட இல்லை, திருப்பினான். எதிரே பேருந்து ஏறி வந்தது. ஒதுக்கிய வேகத்தில் வண்டி மதில்சுவரில் மோதி நின்றது. அவள் நெற்றியில் ஒரு காயம். அவன் வலது கால் நொறுங்கியது. இன்றைக்கும் அந்தக் காலுக்குள் கம்பி இருக்கிறது; வீட்டுக்குள்ளேயே கோல் ஊன்றித்தான் நடக்கிறான்.

கேட்டவர்களிடம் செல்வம், “பிரேக்கு புடிக்கல,” என்றான். கோகிலவாணி பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் வாய் திறக்கவில்லை. கால் போன மனிதனிடம் இருப்பது நல்ல டிரைவர் என்ற அந்த ஒரு பேர்தான், அதையும் ஏன் பிடுங்க வேண்டும் என்று நினைத்தாள். அதோடு முடிந்தது. அந்த மாசியில் களத்தில் மிளகு காய்ந்துகிடந்தது, இறக்க ஆளில்லை. வண்டியைச் சரி செய்து, பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று நாள் சுற்றினாள். நான்காவது வாரம் உரிமத்துக்குப் போனபோது, எட்டுப் போட்டுக் காட்டச் சொன்ன அதிகாரி, ஒரே தடவையில் போட்டதைப் பார்த்துவிட்டு, “எங்கம்மா கத்துக்கிட்டே?” என்று கேட்டார். “எடது பக்கம் உக்காந்துங்க சார்,” என்றாள். அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்.

ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, குரங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து நின்று ஐந்து எண்ணிவிட்டுத்தான் திரும்புவாள்.

புதன்கிழமை சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவள் நேராக விவேக் சாரைத் தேடிப்போனாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“நான் ஒண்ணும் சொல்ல வரலீங்க சார். அந்த நீல வண்டி எப்படிக் கத்துக்கிச்சு, அதச் சொல்லுங்க போதும்.”

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. யாரும் கேட்காத கேள்வி அல்லவா. “அதுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க அக்கா. ரோடுன்னா என்ன, பள்ளம்னா என்ன, எதுவும் தெரியாது. சும்மா கண்டபடி ஓட்டும். ஒரு பெண்டு தாண்டினா புள்ளி குடுப்பேன், உழுந்தா புள்ளியப் புடுங்கிக்குவேன். எதுக்குப் புள்ளி வருதோ அத மறுபடி செய்யும். மொதல்ல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அடிவாரத்துக்குச் சீக்கிரம் போனாப் புள்ளின்னு மட்டும் வெச்சிருந்தேன். அது என்ன பண்ணுச்சு தெரியுங்களா? எழுவதாவது பெண்டுல இருந்து நேராக் குதிச்சிருச்சு. அதான் சீக்கிரமாம்.”

கோகிலவாணி வாய்விட்டுச் சிரித்தாள். பந்தலில் விழுந்த பிறகு அப்போதுதான் சிரித்தாள். “அப்பறம் மொத்தம் எத்தன தடவ உழுந்துச்சுங்க?”

“ஆறு லட்சத்து நாப்பதாயிரம்.”

அவள் சிரிப்பு நின்றது. “நான் ஒரு தடவ உழுந்தா ரெண்டாவது தடவைக்கு ஆளு இருக்க மாட்டேனுங்க சார்.”

திரையில் சாலையைக் காட்டி, கேட்க வந்ததைக் கேட்டாள். “கீழ இருந்து ஏர்ற வண்டியெல்லாம் எங்கீங்க?”

விவேக் சார் கொஞ்சம் தயங்கினார். “இருந்துச்சுங்க. எடுத்துட்டேன். அது இருந்தா இது கத்துக்கவே மாட்டேங்குது. ரோடு காலியா இருந்தாத்தான் சீக்கிரம் வருது.”

“காலி ரோட்டுல நான் ரசம் தாளிச்சுக்கிட்டே ஓட்டுவேனுங்க.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் நல்ல மனிதர், வீம்பு பிடிக்கவில்லை. எடுத்து வைத்திருந்த பேருந்துகளையும் லாரிகளையும் தேடி மறுபடி சாலையில் விட்டார். நீல லாரியை ஓடவிட்டார். அறுபத்தெட்டாவது வளைவில் பேருந்துமேல் போய் மோதியது. மறுபடி விட்டார். அறுபத்தொன்பதில் லாரிமேல் மோதியது. ஐந்தாறு தடவை பார்த்தார்கள். ஆறு நிமிடத்தில் இருபது வளைவு இறங்கிய மகாராஜாவால் மூன்று வளைவைத் தாண்ட முடியவில்லை.

கோகிலவாணிக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பரிதாபம்தான் வந்தது. பாவம், காலிச் சாலையையே உலகமென்று நம்பிவிட்டது.

“அக்கா, ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு இத இப்படியே கொண்டாந்து காட்டட்டுங்களா? உங்களப் பாத்துச் சிரிச்சவங்க எல்லாரும் பாக்கட்டும்,” என்றார் விவேக் சார்.

ஆசையாகத்தான் இருந்தது. நாக்கின் நுனிவரை ‘சரி’ வந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னது வேறு. “தெரியாம உழுகறத எதுக்குங்க ஊரக் கூட்டிக் காட்டோணும். எனக்கு அப்படித்தான் பண்ணுனாங்க. கத்துக்கிட்டே வரட்டும்.”

“விட்டா மூணு நாளுல கத்துக்குமுங்க. உங்கள விட நல்லாவே ஓட்டும்.”

“ஓட்டட்டுங்க.”

வாசலில், “ஏனுங்க சார், கொரங்கு போடலீங்களா?” என்று கேட்டாள். இல்லையென்றார். “அதான் பாத்தேன்,” என்று சொல்லிவிட்டு வண்டியேறினாள். செம்மேடு தாண்டியதும் தன் வாயையே நொந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்த நீல லாரி எல்லாம் கற்றுக்கொண்டு வந்து இன்னொரு தடவை மானத்தை வாங்கினால் என்ன செய்வது. பெரிய மனுஷி மாதிரி பேசிவிட்டு வந்தாயிற்று. லாரி கையைவிட்டுப் போனால் இந்தப் பெருந்தன்மையை வைத்துக்கொண்டு அன்னாசி இறக்க முடியுமா. மூன்று நாளும் அவளுக்குச் சோறு ருசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சந்தைக் கொட்டகையில் கூட்டம். ஒன்பது நிர்வாகிகளும் நாற்காலிகளில் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஐம்பது அறுபது பேர். டீக் கேள்வி கேட்டவனும் முன்வரிசையில் இடம்பிடித்திருந்தான். சதீஷ்குமார் ஓரமாக நின்றான். செல்வம் பின்னால் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். தார்ப்பாயை எடுத்துவிட்டிருந்தார்கள், வெளியே புது லாரி மின்னியது. கோகிலவாணி அந்தப் பக்கமே பார்க்காமல் நின்றாள்.

விவேக் சார் திரையை வைத்தார். “போன வாரம் காமிச்சது முழுசு இல்லீங்க. ஏர்ற வண்டி இல்லாம காமிச்சுட்டேன். அது என் தப்பு. இப்ப எல்லாத்தையும் விட்டிருக்கேன். பாருங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கினார்.

நீல லாரி சோளக்காட்டிலிருந்து புறப்பட்டது. எழுபதாவது வளைவு வந்தது. வேகம் குறைந்தது. ஹாரன் அடித்தது. நின்றது. கீழேயிருந்து ஒரு பேருந்து ஏறி வளைந்து போனது. பிறகு நீல லாரி திரும்பியது. அறுபத்தொன்பதிலும் ஹாரன் அடித்து நின்றது. அங்கே எதிரே எதுவும் வரவில்லை. இருந்தும் நின்றது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பியது. அறுபத்தெட்டிலும் அப்படியே.

கோகிலவாணி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கைகளை யாரோ எடுத்து அந்த லாரிக்குள் வைத்துவிட்டதுபோல இருந்தது.

“இதும் டீ குடிக்க நிக்குதாட்டம் இருக்குது,” என்றான் முன்வரிசைக்காரன். யாரும் சிரிக்கவில்லை. அவனே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அடங்கிப்போனான்.

அர்த்தனாரி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். “ஏனுங்க சார், இத நிக்கச் சொல்லி யாரு சொல்லிக் குடுத்தது?”

“யாரும் சொல்லலீங்க. நிக்காமப் போயிப் போயி மோதுச்சு. ராப்பகலா மூணு நாளு, ரெண்டு லட்சத்து எம்பதாயிரம் தடவ மோதுச்சு. அதுக்கப்பறம்தான் நின்னுட்டுப் போனாப் பொழைக்கலாம்னு அதுக்கே தெரிஞ்சுது. அன்னைக்கு இந்த அக்கா நின்னாங்களே, அதேதானுங்க.”

சதீஷ்குமார்தான் முதலில் பேசினான். “நானும் மலைல நின்னுதானுங்க எறங்குவேன். அன்னைக்கு ரோடு காலின்னு தெரிஞ்சதும் அடிச்சு வுட்டுட்டேன். அக்காதான் அங்கயும் நின்னாங்க.”

அர்த்தனாரி கோகிலவாணியைப் பார்த்தார். அவர் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. “ஏங்கண்ணு, அது ரெண்டு லட்சத்து எம்பதாயிரத்துல கத்துக்கிச்சாம். நீ எத்தனைல கத்துக்கிட்ட?”

சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். அவரும் பாராட்டாகத்தான் கேட்டார். ஆனால் கோகிலவாணி செல்வம் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். எண்ணிக்கை அவளிடம் இருந்தது. சொன்னால் கூடவே முப்பத்தெட்டாவது வளைவையும் சொல்ல வேண்டும். லாரிக்காக அதைச் சொல்வதா. முடியாது என்று உடனே தெரிந்துவிட்டது அவளுக்கு.

“பக்கத்துல உக்காந்து பாத்துத்தானுங்க மாமா,” என்றாள்.

“அவ சொல்ல மாட்டா,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

செல்வம் கோலை ஊன்றி எழுந்து நின்றிருந்தான். எல்லோரும் திரும்பினார்கள். கோகிலவாணி வேண்டாமென்று கையை அசைத்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

“ஒரே தடவைங்க மாமா. அதும் அவ ஓட்டுனதில்ல. நான் ஓட்டுனது. பிரேக்கு புடிக்கலன்னு ஊரு பூராச் சொன்னேன். பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. முப்பத்தெட்டாவது பெண்டுல பஸ்ஸு வருதுங்க, இருங்கன்னு இவ சொன்னா. நாந்தான் நிக்கல. ஆறு வருசமா இவ ஒரு வார்த்த வெளிய வுடல. என்னயக்கூட ஒரு நாளு கேக்கல. அன்னைலருந்து எழுவது பெண்டுலயும் நின்னு நின்னுதான் போறா. நான் ஒரு தடவ நிக்காம வுட்டதுக்கு.”

சொல்லி முடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. நொறுங்கிய காலை வைத்துக்கொண்டு நின்றபடியே இருந்தான், உட்காரவில்லை. அதுவரை கோகிலவாணி தன்னைப் பற்றித்தான் பெருமைப்பட்டிருக்கிறாள், கீறல் விழாத வண்டியைப் பற்றி. அன்றைக்குத்தான், கல்யாணமாகி இத்தனை வருடத்தில், அவன்மேல் அவளுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை வந்தது. கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை.

அர்த்தனாரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் பேருந்தில் போகும்போதெல்லாம் வளைவுகளில் கண்ணை மூடிக்கொள்கிறவர் என்று மலைக்கே தெரியும். “யாருக்காச்சும் மாத்துப் பேச்சு இருக்குதுங்களா?” என்று மற்ற எட்டுப் பேரையும் கேட்டார். எட்டுத் தலைகளும் இல்லையென்று ஆடின. அதில் ஒன்று கொஞ்சம் தாமதமாக ஆடியது. “சதீசு, அவ வர முடியாத நாளைக்கு நீ ஓட்டோணும்,” என்றார். அவன் சரியென்றான். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, “இந்தா கண்ணு. அன்னாசி வெயில்ல கெடக்குது, சட்டுனு ஏத்து,” என்றார். அதுதான் பட்டமளிப்பு விழா.

விவேக் சார் கம்பிகளைச் சுருட்டியபடி வந்து நின்றார். “அக்கா, நீங்க ஒரு பத்துத் தடவ ஓட்டிக் காமிச்சா, அதப் பாத்து இது இன்னும் வெரசாக் கத்துக்கும்.”

“ஓட்டறேனுங்க சார். மொதல்ல கொரங்கப் போடுங்க.”

பன்னிரண்டு மணிக்கு லாரி புறப்பட்டது. செல்வம் கோலை உள்ளே போட்டுவிட்டு, இரண்டு பேர் தூக்கிவிட, இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். வீட்டுக்குப் போகச் சொன்னாள், கேட்கவில்லை. புது இருக்கை வழுவழுப்பாக இருந்தது. ஆனால் வண்டியின் எடை நன்றாகவே பேசியது. நான்காவது வளைவுக்குள் அவளுக்கு அதன் பாஷை புரிந்துவிட்டது. அறுபத்தொன்றில் ஹாரன் அடித்து நின்றபோது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெரிய வண்டி, பெரிய ஹாரன். மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

முப்பத்தெட்டு வந்தது. செல்வம் சன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். மதில்சுவரில் அன்று வண்டி மோதிப் பிறகு பூசிய இடம் இன்னும் வேறு நிறமாகத்தான் தெரியும். அவள் ஹாரன் அடித்தாள், நின்றாள், ஐந்து எண்ணினாள். பதில் ஹாரன் இல்லை. பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் போனாள்.

“இரு கோகிலா,” என்றான் செல்வம்.

“என்னங்க?”

“கொரங்கு கீழ பாக்குது.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மதில்மேல் மூன்று குரங்குகள், மூன்றும் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன. பெரிய லாரியை அவை மதிக்கவேயில்லை. அவள் காலை மறுபடி பிரேக்கில் வைத்து அழுத்தினாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து பேருந்தின் முனகல் கேட்டது. மூச்சு வாங்க வளைந்து ஏறி, அவர்களைத் தாண்டும்போது ஓட்டுநர் ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போனார். குரங்குகள் பேருந்தின் பின்னாலேயே ஓடின.

“போலாமுங்களா?” என்று கேட்டாள்.

செல்வம் சன்னல் வழியாகத் தலையை நீட்டி இன்னொரு முறை கீழே எட்டிப் பார்த்தான்.

“இப்பப் போ,” என்றான்.